புல்லுக்குப் பேர் வைக்கிற வேலை

போன இதழில், நோர்வே மலைகளின் புல்வெளிகளையும் சதுப்புகளையும் வகை பிரித்து வரைபடம் போடுவதுதான் என் கோடைக்காலத் தொழில் என்று போகிற போக்கில் ஒரு வரியும், சதுப்பில் புல் அறுப்பதும் பாதுகாப்புதான் என்று இன்னொரு வரியும் எழுதிவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் எட்டைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறார். இரண்டு, மூன்று பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த இடங்களில் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பச்சையாகக் கிடப்பதெல்லாம் புல்தானே அம்மா? அதில் வகை பிரிக்க என்ன இருக்கிறது? (கே.ஆர்., கோயம்புத்தூர்)

என் அம்மாவும் இதைத்தான் கேட்டார். முதல் கோடைச் சம்பளம் வந்த பெருமையில் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டேன். யுத்த காலம், பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. "புல்லுக்குப் பேர் வைக்கவா பிள்ளை உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம்?" என்று எழுதியிருந்தார்.

சரி, என்னோடு கொஞ்சம் நடந்து வாருங்கள். யூதுன்ஹைமென் மலைப்பகுதியில் பிர்ச் மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே ஒரு சின்ன மேடு. அதன் உச்சியில் நிற்கிறோம். குளிர்காலம் முழுக்கக் காற்று இங்கே பனியைத் தங்க விடாது, ஊதித் தள்ளிவிடும். போர்வை இல்லாமல் உறைகுளிரில் கிடக்கிற நிலம் இது. சாம்பல் நிற லைக்கன்களும் தரையோடு ஒட்டிக்கிடக்கும் சில குறுஞ்செடிகளும்தான் தாங்கும். பாறையில் சுண்ணாம்பு இருந்தால் வெள்ளைப் பூவோடு டிரயாஸ் படர்ந்திருக்கும். நோர்வேக்காரர் அதைக் கலைமான் ரோசா என்பார்கள்.

காற்று மறைவான பக்கமாகப் பத்து அடி இறங்குங்கள். உச்சியில் ஊதப்பட்ட பனியெல்லாம் இங்கே வந்து குவியும். அந்தக் கனத்த போர்வைக்குள் முழங்கால் உயரக் குள்ள பிர்ச்சும் புளூபெரியும் பத்திரமாகக் குளிரைக் கழிக்கும். இன்னும் கீழே, குழிவான இடத்தில், ஜூலை கடைசியிலும் அழுக்கான ஒரு பனித்திட்டு கிடக்கும். அது கரைந்த பிறகு மிஞ்சுகிற சில கிழமைகளில் முளைத்துப் பூத்துக் காய்க்க வேண்டும். அந்த அவசரம் தெரிந்த செடிகளில் ஒன்று "எலிக்காது". வில்லோ இனத்து மரம்தான், ஆனால் என் சுண்டுவிரல் உயரம்கூட வராது. இலை எலியின் காது மாதிரியே இருக்கும்.

கரைந்த நீர் கோடை முழுக்கக் கசிந்து இறங்கும் சரிவில் வேறு உலகம். ஊதா ஜெரேனியம், பந்து போல் உருண்ட மஞ்சள் டிரோலியஸ், நெஞ்சு உயரத்துக்கு அகோனைட். அதற்கும் கீழே நிலம் சமதளமாகி நீர் தேங்குகிற இடத்தில் சதுப்பு தொடங்கிவிடும்.

மேட்டிலிருந்து இதுவரை நூறு மீட்டர்கூட நடந்திருக்க மாட்டோம். தூரத்தில் சாலையில் காரை நிறுத்திப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே பச்சை. பனி எத்தனை நாள் கிடந்தது, நீர் நிற்கிறதா ஓடுகிறதா, பாறையில் சுண்ணாம்பு உண்டா என்ற மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு பத்து மீட்டரிலும் செடிகள் வேறு பதில் சொல்கின்றன. அதைப் படிக்கிற வேலைதான் என்னுடையது.

வேலை நாளில் நிஜமாகவே என்ன செய்வீர்கள்? (தி.ச., கொழும்பு)

பெரும்பாலும் முழங்காலில் நிற்பேன். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் அடைத்து, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு செடியையும், பாசியையும்கூட, எழுத வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு எண் போட வேண்டும். ஐந்து சதவீதத்துக்குக் குறைவு என்றால் 1, கால் பங்கு வரை 2, அரை வரை 3, முக்கால் வரை 4, அதற்கு மேல் 5. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஒரு கூட்டல் குறி. இவ்வளவு முரட்டுத்தனமான அளவுகோலா என்று கேட்கலாம். 35 சதவீதத்தையும் 40 சதவீதத்தையும் கண்ணால் பிரித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பேனா உதவாது, மழையில் மை ஓடிவிடும். பென்சிலும் நனையாத தாளும்தான் என் பழைய சொத்து. இப்போது டாப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ஈர விரலை அது மதிப்பதில்லை.

கழுத்தில் பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் தொங்கும், பாசிகளுக்காக. சதுப்பில் பூச்செடிகளைவிடப் பாசிகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவற்றுக்கு வேர் கிடையாது, உடம்பில் படுகிற நீரைத்தான் குடிக்கும். அதனால் அந்த நீர் எப்படிப்பட்டது என்பதை மறைக்க அவற்றால் முடியாது.

அப்புறம் கால். இதைப் புத்தகத்தில் படித்தபோது சிரித்தேன், ஆனால் சதுப்பை மட்டம் பிரிக்கக் காலைவிட நல்ல கருவி இல்லை. புடைத்து நிற்கும் உலர்ந்த மேட்டுக்கு "தூயெ" என்று பெயர். அடுத்தது, மிதித்துக் காலை எடுத்ததும் தடம் நிமிர்ந்துவிடும் உறுதியான தளம். அதற்கும் கீழே, தடத்தில் நீர் நிறைந்து நெடுநேரம் அப்படியே கிடக்கும் மெத்தைத் தளம். கடைசியில் செடியே அதிகம் இல்லாத கறுப்புச் சேறு, "லோஸ்பூன்". அங்கே கால் வைக்கக் கூடாது. முதல் வருடம் நான் வைத்தேன். இடுப்பு வரை போய்விட்டேன். கூட வந்த பெடியன் தன் முதுகுப்பையைச் சேற்றில் போட்டு அதன் மேல் படுத்துக் கை கொடுத்து இழுத்தான். ஒரு சப்பாத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மற்றதெல்லாம் குளிர்கால வேலை. செடிகளை வரிசைகளாகவும் சதுரங்களை நிரல்களாகவும் எழுதி, ஒன்றுபோல இருக்கும் நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே போனால், அட்டவணையில் கட்டம் கட்டமாகச் செடிக்கூட்டங்கள் தெரிய வரும். முன்பு தாளைக் கீற்றுக் கீற்றாகக் கத்தரித்து மேசையில் நகர்த்துவார்களாம். 1979இல் மார்க் ஹில் எழுதிய ட்வின்ஸ்பான் என்ற கணினி நிரல் வந்த பிறகு கணினியே செய்கிறது. அது எவ்வளவு வேண்டுமானாலும் பிரித்துக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

தாவரவியல் மாணவி நான். பிரவுன்-பிளாங்கே முறையைப் படித்தோம். வடக்கே அதை எதிர்த்து உப்சாலா பள்ளி என்று ஒன்று இருந்ததாகப் பாடத்தில் ஒரு வரி மட்டும் வருகிறது. என்ன சண்டை அது? (ப.நி., திருச்சி)

அந்த ஒரு வரிக்குள் முப்பது வருடத்துக் கோபம் இருக்கிறது தங்கச்சி.

சுவிட்சர்லாந்தின் யோசியஸ் பிரவுன்-பிளாங்கே ஆல்ப்ஸில் வளர்ந்தவர். அங்கே ஒரு சதுரத்தில் ஐம்பது, அறுபது இனங்கள் சாதாரணம். எது அதிகம் என்பது அங்கே பெரிதாக ஒன்றும் சொல்லாது. அதனால் அவர் விசுவாசத்தைத் தேடினார். இந்தக் கூட்டத்தில் மட்டும் வரும், மற்றதில் வராது என்ற இனம் எது? அதுதான் அடையாள இனம். அதை வைத்துக் கூட்டங்களை அடுக்கினார். கீழே சங்கம், அதற்கு மேல் கூட்டணி, அதற்கு மேல் வரிசை, உச்சியில் வகுப்பு. பெயரின் வாலைப் பார்த்தே எந்தப் படி என்று சொல்லிவிடலாம். "-எட்டும்" என்று முடிந்தால் சங்கம், "-இயோன்" என்றால் கூட்டணி. இந்த "எட்டும்" பழைய லத்தீனில் தோப்பைக் குறிக்கிற விகுதி. எங்கள் ஊரில் பனங்கூடல் என்போமே, அதே மாதிரி நார்டஸ் புல் மண்டிய இடம் நார்டெட்டும்.

சுவீடனின் உப்சாலாவில் இருந்தவர்களுக்கு இது சரிப்படவில்லை. காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. பனியுகத்துப் பனிப்பாளம் மூடிக் கிடந்து விலகிய நிலம் அது. இனங்கள் குறைவு, ஆனால் வருகிற இனம் ஒரு முழு மலைச்சரிவையே பிடித்துக்கொள்ளும். ஒரே குள்ளச் செடி ஐந்து விதமான இடத்தில் வரும். அங்கே போய் விசுவாசமான இனத்தைத் தேடு என்றால் எங்கே தேடுவது? அதனால் எய்னர் டு ரீட்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் வேறு வழி பிடித்தார்கள். சின்னச் சின்னச் சதுரங்கள் நிறையப் போடு. புதர், புல், பாசி என்று அடுக்கடுக்காகப் பார். எந்த அடுக்கில் எது ஆள்கிறது, எது விடாமல் வருகிறது என்று குறி. ஆளும் இனம் மாறினால் கூட்டமும் மாறியது. இப்படிப் பிரித்தால் கூட்டங்கள் மிகச் சின்னதாகவும் மிக அதிகமாகவும் வரும் என்பது தெற்கத்தியர்களின் குற்றச்சாட்டு. நீங்கள் அடையாள இனம் என்று கூப்பிடுகிறது பக்கத்து நாட்டுக்குப் போனால் விசுவாசத்தை இழந்துவிடுகிறதே என்பது வடக்கத்தியர்களின் பதில். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் சொற்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். "அசோசியேஷன்" தெற்குக்கு, "சோசியேஷன்" வடக்குக்கு. நிலத் தகராறில் வேலி போட்டுக் கொடுத்த மாதிரி.

ஆனால் என் அபிமானம் ரோல்ஃப் நூர்ட்ஹாகென் மேல். நோர்வேக்காரர், உப்சாலா முறையில் பழகியவர். 1928இல் சூலெனெ மலைப்பகுதி பற்றிப் பெரிய நூல் எழுதினார். பிறகு சிக்கில்ஸ்தாலென் பள்ளத்தாக்கில் வருடக்கணக்காகக் குனிந்து கிடந்தார். குதிரைகளும் மாடுகளும் மேய்கிற இடம் அது. 1943இல் வந்த அந்த நூலின் தலைப்பிலேயே "நோர்வேயின் மலை மேய்ச்சல் நிலங்கள்" என்று இருக்கிறது. எந்தப் புல்லை மாடு தின்னும், எதைத் தொடாது என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நூற்றுக்கணக்கான நுண்கூட்டங்களின் பட்டியலை விவசாயியிடம் நீட்ட முடியாதே. அதனால் வடக்கத்திய நுணுக்கத்தோடு சதுரம் போட்டு, அவற்றைத் தெற்கத்தியக் கூட்டணிகளுக்குள் அடுக்கினார். 1936இல் அவர் வைத்த கூட்டணிப் பெயர்களில் சில இன்றும் ஐரோப்பியச் செடிக்கூட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன.

அந்தப் பட்டியல் 2016இல் வெளிவந்தது. பூச்செடிகள் ஆளும் வகுப்புகள் மட்டும் 109, கூட்டணிகள் ஆயிரத்துக்கும் மேல். சுண்ணாம்பு நீர்ச் சதுப்புகளுக்கு அதில் பரவலாக வழங்கும் பெயர் "கரிசியோன் டவல்லியானே", டவல் கோரையின் பெயரால் வந்தது. நோர்வே மலைகளில் அந்தக் கோரை வளர்வதே இல்லை. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

சதுப்பு என்றால் சதுப்பு. அதில் என்ன பணக்காரச் சதுப்பு, ஏழைச் சதுப்பு? (ஜெ.அ., ஒஸ்லோ)

முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. இறந்த பாசியும் கோரையும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் என்ற பழுப்பு மண்ணாகிறது. அது உயர்ந்து உயர்ந்து நிலத்தடி நீருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால், பிறகு அந்தச் சதுப்புக்கு வானம்தான் சாப்பாடு போட வேண்டும். அதை மழைச்சதுப்பு என்கிறோம். மழைநீரில் உப்புச்சத்து அநேகமாக இல்லை. ஸ்ஃபாக்னம் பாசி வேறு சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கும். அமிலக் குறியீடு (pH) 4 அளவில் நிற்கும். பட்டினியைத் தாங்கும் சில இனங்களே மிஞ்சும்.

மண்ணையும் பாறையையும் தொட்டு வந்த நீர் ஊறும் சதுப்பு வேறு. பாறை கருங்கல் என்றால் நீர் கொண்டுவருவது கொஞ்சம்தான், அது ஏழை. சுண்ணாம்புப் பாறை என்றால் பணக்காரி. குறியீடு 7ஐத் தொடும். பழுப்புப் பாசிகள், ஆர்க்கிட்கள், டோஃபீல்டியா என்ற சின்ன வெள்ளைப் பூ எல்லாம் வரும். அந்தப் பூவுக்கு நோர்வேயில் கரடிமுள் என்ற மாதிரி ஒரு பெயர். கரடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ. அங்கே இருக்கிற ஒரு பாசிக்குப் பெரும்புழுப் பாசி என்று பெயர். அதற்குக் காரணம் கேட்க வேண்டாம், கையில் எடுத்தாலே தெரியும், கொழுத்த புழு மாதிரியே இருக்கும்.

இதை ஒழுங்குபடுத்தியவர் சுவீடனின் ஹ்யூகோ ஷோர்ஸ். 1940களின் கடைசியில், சதுப்புகளைப் பெட்டிகளில் அடைப்பதற்குப் பதிலாக மூன்று கோடுகளில் நிறுத்தலாம் என்று காட்டினார். ஏழையிலிருந்து பணக்காரி வரை ஒரு கோடு. விளிம்பிலிருந்து நடுப்பரப்பு வரை இன்னொன்று. மேட்டிலிருந்து சேறு வரை மூன்றாவது. நான் சப்பாத்தை இழந்தது மூன்றாம் கோட்டின் கடைசிப் புள்ளியில்.

சதுப்பு ஆய்வாளர் ஒருவர் பின்லாந்தில் பிரதமர் ஆனாராமே, மெய்யா? (வீ.கோ., மதுரை)

மெய்தான். ஒருமுறை இல்லை, மூன்று முறை. ஏ. கே. கஜாந்தர். 1913இல் பின்லாந்துச் சதுப்புகளை வகைப்படுத்தி எழுதினார். அதற்கு முன்பே, தரையில் வளரும் செடிகளை வைத்துக் காடுகளை வகை பிரிக்கும் முறைக்கு அடித்தளம் போட்டிருந்தார். 1939இல் சோவியத் படைகள் நுழைந்தபோது பிரதமர் இவர்தான். ராணுவத்துக்குச் சீருடை போதவில்லை. சொந்த உடுப்பும், பட்டியும், தொப்பியில் ஒரு சின்னமும் மட்டுமாகப் போருக்குப் போனவர்கள் அந்தக் கோலத்துக்கு "கஜாந்தர் மாடல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சதுப்பு வகைகளால் வந்த புகழைவிட அந்த உடுப்பால் வந்த பெயர்தான் பொதுமக்களிடம் நின்றது.

மனிதர் கை படாமல் விட்டால்தானே இயற்கை? சதுப்பில் புல் வெட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்கிறீர்களே! (எல்.எம்., புதுச்சேரி)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. அதை மாற்றிய இடம் சூலெண்டெட்.

ரோரோஸ் ஊருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து எழுநூறு, எண்ணூறு மீட்டர் உயரத்தில், சுமார் 300 ஹெக்டேர் சரிவு. சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்றுகள் சரிவெங்கும் கசிந்து, பணக்காரச் சதுப்பாகப் பரந்து கிடக்கிறது. குளிர்காலம் நீண்ட ஊர். மாட்டை வசந்தம் வரை உயிரோடு வைக்க, பண்ணைக்குப் பக்கத்துப் புல் போதாது. அதனால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் கோடையில் மேலே ஏறி, நீண்ட பிடி அரிவாளால் சதுப்பின் கோரையையும் புல்லையும் அறுத்தார்கள். காய்ந்ததைக் கம்பு நட்டுப் போர் போட்டார்கள், அல்லது மரக்கொட்டிலில் அடைத்தார்கள். உடனே கீழே கொண்டுவர வழியில்லை, சதுப்பில் வண்டி ஓடாதே. எல்லாம் உறைந்த பிறகு குளிர்காலத்தில் குதிரைச் சறுக்குவண்டியில் இறக்குவார்கள்.

ஒரே துண்டை ஒவ்வொரு வருடமும் அறுக்க மாட்டார்கள். ஒரு வருடம் விட்டுத்தான். கோரை தன் வேரில் சேமிக்க அவகாசம் வேண்டும், இல்லாவிட்டால் விளைச்சல் இறங்கிவிடும். இதை அவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1950 அளவில் அறுப்பது நின்றது. புதர் ஏறியது. வில்லோவும் பிர்ச்சும் உள்ளே நடந்து வந்தன. பழைய தழை மக்காமல் மெத்தையாகச் சேர்ந்து சின்னச் செடிகளை அமுக்கியது. 1974இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்துப் புதரை வெட்டி மறுபடி அறுக்கத் தொடங்கினார்கள். ட்ரொண்ட்ஹைம் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு இடைவெளிகளில் அறுத்த துண்டுகளையும் அறுக்காமல் விட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல பத்தாண்டுகளாக எண்ணி வருகிறார்கள். அங்கே இருக்கிற கரும்பழுப்பு ஆர்க்கிட் ஒன்று, ஸ்வார்ட்கூர்லெ, விரல் நீளம்தான் இருக்கும். மூக்கைத் தரைக்குக் கொண்டுபோனால் வனிலா மணக்கும். அறுத்த நிலத்தில்தான் அது நன்றாக வாழ்கிறது.

இங்கேதான் வகைப்பாடு வெறும் பேர் வைக்கிற வேலை இல்லை என்று எனக்கு உறைத்தது. இனப்பட்டியலை மட்டும் பார்த்தால் அறுத்த சதுப்பும் அறுக்காத சதுப்பும் பெரும்பாலும் ஒன்றே. "பணக்காரச் சதுப்பு" என்று எழுதிவிட்டு நான் அடுத்த சரிவுக்குப் போய்விடலாம். ஆனால் அப்படி எழுதிய சதுப்பை யாரும் அறுக்க வர மாட்டார்கள். "ஸ்லோட்டமீர்", அதாவது அறுப்புச் சதுப்பு, என்று தனி வகையாக எழுதினால் கதை வேறு. 2011 முதல் நோர்வே சட்டத்தில் அது தனியாகத் தேர்ந்தெடுத்துக் காக்கப்படும் வகை. நில உரிமையாளர் அரிவாளை எடுக்க உதவித்தொகை கேட்கலாம். அதனால் நான் செடியோடு மற்றதையும் தேடுகிறேன். சாய்ந்த போர்க்கம்பு, இற்றுப்போன கொட்டிலின் அடிமரம், புடைப்பில்லாமல் சவரம் செய்த மாதிரிச் சமமாகக் கிடக்கும் பரப்பு. சில இடத்தில் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கேட்டாலே போதும், தாத்தா எந்த மூலை வரை அறுத்தார் என்று கை நீட்டிக் காட்டுவார்.

இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே போனால் ஒரே வரைபடம் வருமா? (மு.செ., டொரொண்டோ)

வராது. இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை பயிற்சிக்காக நானும் இன்னொருவரும் ஒரே சரிவை ஒருவரையொருவர் பார்க்காமல் வரைந்தோம். மாலையில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு ஊர். நான் ஏழைச் சதுப்பு என்று எழுதிய பெரிய துண்டை அவர் மழைச்சதுப்பு என்று போட்டிருந்தார். தகராறு முழுக்க ஒரு மஞ்சள் பூவால், ரோமெ என்று பெயர். உள்நாட்டு மலைகளில் பழகிய எனக்கு, ரோமெ நின்றால் நிலநீர் வருகிறது என்று அர்த்தம். அவர் மேற்குக் கரையில் பழகியவர். அங்கே கடல் உப்புத் தூவிய மழை ஓயாமல் பெய்கிறது, ரோமெ மழைச்சதுப்பிலும் தாராளமாக வளர்கிறது. இரண்டு பேர் கண்ணும் சரி, பழகிய ஊர்தான் வேறு. அந்தப் பூவின் லத்தீன் பெயருக்கு எலும்பொடிக்கி என்று பொருள். அதை மேய்ந்த ஆட்டுக்கு எலும்பு பலவீனமாகும் என்று விவசாயிகள் நம்பினார்கள். உண்மையில் அது வளரும் நிலத்தில் சுண்ணாம்புச் சத்து இல்லாததுதான் கோளாறு. பாவம், பழி பூவின் மேல்.

இப்போது நோர்வேயில் "நோர்வேயின் இயற்கை" என்ற முறையில் வேலை செய்கிறோம். 2009இல் முதல் பதிப்பு, 2015இல் திருத்திய பதிப்பு. அதில் சங்கமும் கூட்டணியும் இல்லை. சுண்ணாம்பு எவ்வளவு, எத்தனை நாள் பனி, அறுப்போ மேய்ச்சலோ எவ்வளவு என்று கோடுகளைப் படிபடியாக வெட்டி, அந்தப் படிகளைச் சேர்த்து வகை. 2015 பதிப்பில் திறந்த நிலநீர்ச் சதுப்புக்கு V1, மழைச்சதுப்புக்கு V3, அறுத்தும் மேய்த்தும் உருவான சதுப்புக்கு V9. ஷோர்ஸ் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். தகராறு குறைந்ததா என்றால், இல்லை. முன்பு பெயரில் சண்டை போட்டோம், இப்போது எந்தப் படி என்று போடுகிறோம். ஆனால் எங்கே ஒத்துப்போகவில்லை என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

டோவ்ரெ மலையில் தகராறே வராத ஓர் இடம் இருந்தது. பீட் மண்ணுக்குள் பனிக்கட்டி நிரந்தரமாக இருந்து புடைத்து நிற்கும் மேட்டுக்குப் பால்சா என்று பெயர். கோடையில் உலர்ந்த பீட் வெயிலை உள்ளே விடாது. குளிர்காலத்தில் ஈரமாகி உறைந்த அதே பீட் குளிரை உள்ளே கடத்தும். அப்படித்தான் அந்தக் கட்டி பிழைக்கிறது. எண்பது வயதுக் கிழவி போல ஒரு சின்ன பால்சா அங்கே குந்தியிருந்தது. முதல் முறை அதன் மேல் ஏறி நின்று தேத்தண்ணீர் குடித்தேன். கடைசியாகப் போனபோது அந்த இடத்தில் குளம். படிவத்தில் என்ன எழுதுவது என்று கூட வந்த மாணவர் கேட்டார். தண்ணீர் என்று எழுதச் சொன்னேன்.

வடநோர்வேக்கு உறவினர் வீட்டுக்கு வருகிறோம். சதுப்பில் பழம் பறிக்கலாமாமே? (சு.ப., கிளிநொச்சி)

மூல்தெ என்ற பொன்னிறப் பழத்தைச் சொல்கிறீர்கள். சதுப்பில்தான் அதிகம். ஜூலை கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரை. முதலில் சிவப்பாக இருக்கும், பழுத்தால் மஞ்சளாகும், மாற்றி நினைத்துக் காயைப் பறித்துவிடாதீர்கள். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, முகத்துக்குக் கொசுவலைத் தொப்பி கட்டாயம். தொலைவில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூ என்று ஓடாதீர்கள், பஞ்சுக்கோரையாக இருக்கும். அது நிற்கும் இடம் சிலவேளை மெத்தைத் தளம்.

நல்ல இடம் எது என்று உறவினரிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். நானும் சொல்வதில்லை. இன்னொன்று. நூர்லான்ட், ட்ரூம்ஸ், ஃபின்மார்க் ஆகிய வட மாகாணங்களில், இந்தப் பழம் விளையும் நிலமென்றால் உரிமையாளர் பறிக்கக் கூடாது என்று தடுக்கலாம். ஆனால் நின்ற இடத்திலேயே தின்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அதனால் அப்படிப்பட்ட நிலத்தில் வாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், வயிற்றை மட்டும் கொண்டுவந்தால் போதும்.